சிரிப்பு வராவிட்டால் நடியுங்கள்

அப்பா,

என்னை டியூட்டிக்கு ஏற்றிப் போகும் கார் லிஃப்ட் கீழே வந்துவிட்டது. டியூட்டி முடிந்து ஏர்போர்ட் போய், அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூன்று மணிக்கு வருவேன். சோறும் நெத்திலி அவியலும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. ருசியே தெரியவில்லை என்று மறுபடி சொல்லாமல் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

நேற்று ஆஸ்பத்திரி கவுன்சிலர் கொடுத்த இங்கிலீஷ் ஃபாரத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். பிடித்த சாப்பாடு சந்தோஷம் தருகிறதா? இல்லை. பாட்டு? இல்லை. பிள்ளைகளோடு இருப்பது? அதற்கும் யோசிக்காமல் "இல்ல மக்ளே" என்றீர்கள். அந்த இல்லைக்கு டிக் போட்டது உங்கள் பிள்ளை. இதற்குத்தான் அம்மா தெருத்தெருவாக மீன் விற்று என்னை டிகிரி வரை படிக்க வைத்தாள்.

குடியை விட்டு எட்டு மாதத்தில் இப்படித்தான் இருக்குமாம், போகப் போகச் சரியாகுமாம். எனக்கு அவசரமில்லை. குடித்த காலத்திலும் நீங்கள் எங்களைப் பார்த்துச் சிரித்ததில்லை, பாட்டிலைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள்.

ஆனால் அம்மா மூன்று வருஷம் கழித்து ஊரிலிருந்து உங்களைப் பார்க்க வருகிறாள். கதவைத் திறந்ததும் சிரியுங்கள். சிரிப்பு வரவில்லையென்றால் நடியுங்கள். குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று பதினைந்து வருஷம் நடித்தவருக்கு இது பெரிய காரியமில்லை.

அக்ஸா

ஷேவ் பண்ணுங்கள். ஆஃப்டர் ஷேவும் என் சென்ட்டும் என் பையில் இருக்கிறது, தேட வேண்டாம். ஆமாம், அதிலும் ஸ்பிரிட் இருக்கிறதே, சந்தேகம்தான்.

இன்னொன்று. விசிட் விசா எடுத்து, "அப்பா மாறிட்டார், வாங்கம்மா" என்று அவளைக் கூப்பிட்டது நான்தான். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.