நீ மண்வெட்டி ஓங்கிய நாள்

இன்று காலை பலெர்மோவின் வியா மக்வேதா வீதியில் நடந்துகொண்டிருந்தபோது, சுற்றுலாக்காரரை ஏற்றிய குதிரை வண்டியொன்று என்னைக் கடந்து போனது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஈரக் கல்வீதியில் குதிரைச் சாணியின் மணம் எழும்ப, மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியவர்களுக்கு நடுவே நான் மட்டும் நின்றுவிட்டேன். பெப்ரவரி வந்துவிட்டது. கோவில் வளவில் மண் கொத்த வேண்டும். நீ இல்லாமல் வருகிற முதலாவது பெப்ரவரி இது.

கபோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் நம் பங்குக் கோவிலின் பின்வளவு வெகுகாலம் சும்மா கிடந்தது. உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த வீடொன்றின் நிலம் அது. கல்லும் ஓடும் கண்ணாடியும் மண்ணோடு மண்ணாகிப் போயிருந்தன. பங்குச் சுவாமியிடம் கேட்டு அந்த மூலையை நம் இருவருக்குமாக எடுத்தவள் நீதான். அப்போது நமக்குள் அவ்வளவு பழக்கமில்லை. ஞாயிறு தமிழ்ப் பூசையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்போம். நீ மன்னார், நான் தீவுப்பக்கம். இருவரும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஒருவரையொருவர் ‘நீர்’ என்றுதான் கதைப்போம்.

நமக்கு ஓய்வான ஒரு வியாழன் பின்னேரம் வேலையைத் தொடங்கினோம். வந்த வேகத்தில் நான் மண்வெட்டியை ஓங்கினேன். நீ கத்தினாய்.

“நில்லும்! ஓங்காதையும்!”

மதிலில் இருந்த புறாக்களெல்லாம் எழும்பிப் பறந்தன. நீ வந்து மண்வெட்டியை என் கையிலிருந்து பறித்து மதிலோரம் சாத்தினாய். பிறகு முழங்காலில் இருந்து, ஒரு சின்னக் கரண்டியால் மண்ணைப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டத் தொடங்கினாய். முதலில் விரலால் தடவிப் பார்ப்பாய். பிறகு கரண்டி. பிறகு உள்ளங்கையில் எடுத்து உதிர்ப்பாய். பொழுது சாயும்போது ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்தான் முடிந்திருந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“இப்பிடிச் செய்துகொண்டிருந்தால் கோடையும் வந்திடும். எப்ப கண்டு நடுறது?”

நீ மண்ணைப் பார்த்தபடியே சொன்னாய். “நான் அங்கை மிதிவெடி எடுக்கிற வேலை செய்தனான். எனக்கு வேறை மாதிரி மண்ணைத் தொடத் தெரியாது.”

அதற்குப் பிறகுதான், ஒவ்வொரு வியாழனும் கொஞ்சம் கொஞ்சமாக, உன் கதை எனக்குத் தெரிய வந்தது. சண்டை முடிந்த பிறகு உங்கள் காணிக்குள் போக ஒருவரையும் விடவில்லை. வெடிகளை எடுத்தால்தான் காணி திரும்பக் கிடைக்கும் என்றதும் நீயே அந்த வேலைக்குப் போய்ச் சேர்ந்தாய். முகத்தை மூடிய கண்ணாடிக்குள் வியர்வை ஓட, வெயிலில் முழங்காலில் இருந்து, விரற்கடை விரற்கடையாக நிலத்தைத் திறந்தாய். உன்னோடு வேலை செய்த ஒருத்திக்கு ஒரு கை போனது. அதைச் சொன்ன அன்றைக்கு மட்டும் நீ பொழுது சாயுமுன்பே கரண்டியைக் கழுவி வைத்துவிட்டாய். காணி கிடைத்த வருசமே உனக்குக் கலியாணம் பேசி, பலெர்மோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“துப்புரவாக்கினது நான். விதைச்சது அண்ணை” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. வேலி ஓரமாக நீ சுரண்டிக்கொண்டிருந்தபோது கரண்டியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். உன் கை அப்படியே நின்றது. முகம் வெளுத்துப் போனாலும் குரல் மட்டும் நிதானமாக வந்தது.

“பின்னாலை போங்கோ. ரெண்டு பேரும். வந்த காலடியிலேயே போங்கோ.”

அங்கே என்னோடு நின்றவர் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் தோத்தோ. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் உன் கை காட்டியது விளங்கிவிட்டது. அவர் சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நீ காட்டிய இடத்தில் போய் நின்றார். சின்ன வயதில் தன் தெருவிலும் ஒரு குண்டு எடுத்தார்கள் என்று என் காதருகே இத்தாலியனில் மெல்லச் சொன்னார்.

நீ அந்த இரும்பைச் சுற்றியிருந்த மண்ணை விரலால் ஒதுக்கினாய். சந்தைச் சத்தம்கூட என் காதில் விழவில்லை. கடைசியில் துருப்பிடித்த ஒரு வட்டத்தைத் தூக்கிக் காட்டினாய். யாரோ ஒருத்தியின் குசினியில் இருந்த சட்டி மூடி.

நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே இருந்தாய். பிறகு அது அழுகையாகிவிட்டது. நான் ஓடிவந்து சேற்றில் உன் பக்கத்தில் இருந்தேன். தோளைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினாய்.

“அதை எடு” என்றாய். மதிலோரம் சாத்தியிருந்த மண்வெட்டியைத்தான். அன்றைக்குத்தான் ‘நீர்’ போய் ‘நீ’ வந்தது.

முதல் கொத்து மண்ணில் பட்டும் படாமலும் விழுந்தது. கண்ணை இறுக மூடியிருந்தாய். இரண்டாவது கொத்துக்குக் கண்ணைத் திறந்தாய். அதற்குப் பிறகு உன்னை நிறுத்த முடியவில்லை. மண் கட்டி கட்டியாகப் புரண்டு விழ, உள்ளே இருந்த கறுப்பு ஈரம் மேலே வந்தது. தோத்தோ வண்டிக்காரரிடம் கேட்டு ஒரு சாக்குக் குதிரைச் சாணி கொண்டுவந்து தந்தார். அதைக் கலந்து, கிளறி, ஆறப்போட்டோம். இளவேனிலில் நீ சுரை விதை ஊன்றினாய். அந்தக் கோடையில் சுரைக்கொழுந்தைத் தோத்தோ பாஸ்தாவோடு அவித்துச் சாப்பிட்டார். நீ தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சினாய். “என்ரை கையாலை விதைச்சது” என்று கோவிலுக்கு வந்த எல்லோரிடமும் சொன்னாய்.

போன பெப்ரவரியில் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். நான் வளவிலிருந்து நேரே ஓடி வந்திருந்தேன். என் கையைப் பிடித்து, விரலைத் திருப்பிப் பார்த்தாய்.

“நகத்துக்குள்ளை மண் கிடக்கு. கழுவாமல் வந்திட்டியோ?”

“நேரமில்லையடி. கழுவிப்போட்டு வாறன்.”

“வேண்டாம். இரு.” என் கையை முகத்தருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாய். “நல்லா இளகியிருக்கு. இந்த முறை நல்லாய் வரும்.”

அந்த முறை கொடி நன்றாகத்தான் வந்தது. அது பந்தலில் ஏறுமுன் நீ போய்விட்டாய்.

இன்று பின்னேரம் நான் தனியாகத்தான் போவேன் என்று நினைத்திருந்தேன். வளவுக் கதவடியில் உன் மனுசன் நின்றார். நீ இருக்கும்போது ஒருநாளும் அந்தப் பக்கம் வராதவர். “எனக்குத் தோட்டவேலை தெரியாது. நிண்டு பார்க்கட்டோ?” என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். இருட்டுவதற்குள் பாதி நிலம் முடிந்தது.

வேலைக்குத் திரும்பி வந்து, நான் பராமரிக்கிற வீட்டுக்காரக் கிழவி சிஞ்ஞோராவைக் கட்டிலில் சரித்துப் படுக்கவைத்தேன். எலும்பெல்லாம் நோகும் மனுசி. முன்பெல்லாம் யார் தொட்டாலும் முனகுவா. இன்று முனகவில்லை. நான் முதலில் கையை வைத்து, எங்கே நோகிறது என்று தடவிப் பார்த்து, பக்கவாட்டிலிருந்து மெல்ல மெல்லத் தூக்கினேன். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன், எப்போது தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது.

“இப்படித் தூக்க எங்கே படித்தாய்?” என்று கேட்டா.

“என்ரை சிநேகிதியிட்டை” என்றேன். தமிழில்தான் வந்தது. மொழிபெயர்க்கச் சொல்லி அவ கேட்கவில்லை. என் கையை விடாமல் பிடித்தபடி நித்திரையாகிப் போனா.