வள்ளி வண்டி ஏறாத காரணம்

தம்பி மணியா,

“ஏறமாட்டேன்னா ஏறமாட்டேனுங்க!” என்று உன் பெண்டாட்டி கத்த, “பொறந்த ஊட்டுக்குப் போறதுக்கு இத்தனை வீம்பா?” என்று ஆத்தாள் கத்த, நீ கோபித்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாய். பிரசவத்துக்கு அழைத்துப்போகக் கட்டுச்சோறு கொண்டுவந்த சம்பந்தி வீட்டார், பூட்டிய வண்டியோடு வாசலில் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

ஊரார் விஷயத்துக்கே காதை நீட்டுகிறவள் நான். நம் வீட்டு விஷயத்தை விடுவேனா? விருந்தில் மணைமேல் உட்கார்ந்ததும் வள்ளியின் முகம் கோணியதைப் பார்த்திருந்தேன். நீ போனதும் உள்ளே இழுத்துப் போய்க் கேட்டேன். மூலநோயாம். வயிறு இறங்கிய மாதத்தில் அது வருவதுதான், ரத்தமும் பட்டிருக்கிறது.

“இதைப் போயி உங்க தம்பிகிட்ட எப்படீங்க நங்கை சொல்லுவேன்?” என்று அழுதாள். வண்டிக் குலுக்கலுக்குப் பயந்திருக்கிறாள் பெண். ஒரே பாயில் படுக்கிற உனக்கு அது தெரியவில்லை, மகா கெட்டிக்காரன்!

துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டினேன். வண்டியில் வைக்கோலை மெத்தென்று பரப்பி ஒருக்களித்துப் படுக்க வைத்து அனுப்பியாயிற்று.

சோறும் மோரும் உறியில் இருக்கின்றன. நாளைக்கு, மூலத்துக்கு நல்லதென்று கருணைக்கிழங்கு வாங்கிக்கொண்டு அவள் பிறந்த பனமரத்துப்பட்டிக்குப் போய் அவளிடம் நல்லவிதமாகப் பேசு.

அக்கா பாவாயி

மறந்துவிட்டேன்: ஆத்தாளும் வீட்டில் இல்லை. உன்னைச் சுமந்தபோது அவளுக்கும் இதே வாதையாம். மாமியாருக்குப் பயந்து வாயே திறக்கவில்லையாம். மருமகள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதே வண்டியில் போய்விட்டாள். பிள்ளை பிறந்த பிறகுதான் வருவாளாம்.