அசையாத முகம்

என் கண்ணுக்கு,

போன வாரம் வீடியோவில், “நான் அங்க வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா?” என்று கேட்டேன். உன் முகம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி கேட்க வாய் வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி மூடிவிட்டேன்.

வீட்டு பிளான் வரையும் வேலையும்தான் என் லேப்டாப்பில் நகரவில்லை. வேகமான பிராசசர் உள்ள லேப்டாப் வாங்கலாமா என்று இன்று கடைக்குப் போனேன். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. வேலைக்கும் வீடியோவில் பேசவும் இது ஒன்றுதான் என்று நான் நீட்டிய பழையதைக் கடைக்காரர் திறந்து பார்த்துச் சிரித்தார்.

“இத்தனை வீட்டு பிளானையும் திறந்து வச்சுக்கிட்டா வீடியோல பேசுறீங்க? எதிர்ல இருக்கிறவங்க முகம் அசையாமத்தான் நிக்கும்க்கா. புதுசு வேணாம், மூடிட்டுப் பேசுங்க.”

அப்பாடா. பணம் மிச்சமானது இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி கேட்பேன். அப்போதும் நீ அசையாமல் இருந்தால், பழியை லேப்டாப் மேல் போட முடியாது, பார்த்துக்கொள்.

உன் அம்மா