ஆறாவது படம்

அக்டோபர் 16, வெள்ளி

மழை. எங்கள் ஊர் பிளெய்ன்ஸ்பரோ முழுக்க ஈரமான சிவப்பு இலை. வீட்டில் கொலு, ஐந்து படி. அப்பாவின் பழைய கேமராவில் பன்னிரண்டு படம். நான்கு தேறும். ஃபிளாஷ் போட்டால் பொம்மைகள் பயந்துபோனது போல் தெரிகின்றன. செட்டியார் பொம்மை இந்த வருடமும் சாய்ந்தே நிற்கிறார்.

நாளை மறுநாள், ஞாயிறு, பூசணித் தோட்டம் போகிறோம். என் தோழி மீராவுக்குக் காய்ச்சலாம், வரமாட்டாளாம். அவள் அம்மா போன் செய்தார்களாம். ஐந்து வருடமாக, அங்கே உயரம் அளக்கும் பலகை முன்னால் நானும் அவளும் முதுகோடு முதுகு நின்று ஒரு படம். இது ஆறாவதாக இருந்திருக்கும்.

பார்க்கிங்கில் பொறுக்கிய மேப்பிள் இலையை ஒட்டி அவளுக்கு ஒரு கார்டு செய்தேன். "குடு, அந்தப் பக்கம் போறப்ப குடுத்துடறேன்" என்று அம்மா வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 17, சனி

வெயில். நாளை மழையாம். இன்றே கிளம்பச் சொன்னார் அப்பா.

"சண்டேன்னுதானே பிளான் பண்ணோம்? இன்னிக்கு செம கூட்டமா இருக்கும்" என்றாள் அம்மா.

"மழைல நனைஞ்சுகிட்டே பூசணிக்கா பொறுக்கணுமா உனக்கு?"

எடுத்தவை: வைக்கோல் வண்டி. மீசையில் டோனட் சர்க்கரையோடு அப்பா. பூசணியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்த ஒரு அங்கிள்.

மீரா இல்லாமல் பலகைப் பக்கம் போகத் தோன்றவில்லை. அம்மாவுக்கும் கால் வலி, சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

அக்டோபர் 18, ஞாயிறு

மழை. படங்களை லேப்டாப்பில் ஏற்றினேன். வைக்கோல் வண்டியைப் பெரிதாக்கினால், பின்னால் பலகை. பலகை முன்னால் மீரா. பச்சை ஜாக்கெட். சாக்கர் டீம் பெண் ஒருத்தியோடு முதுகோடு முதுகு. சிரிக்கிறாள்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "காய்ச்சல்னு பொய் சொல்லியிருக்கா, பாரு."

அம்மா சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "அதுக்குத்தான் சண்டே போலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"உனக்குத் தெரியுமா?"

"அவளுக்கு அந்தப் பொண்ணுங்களோட போகணுமாம். அவங்கம்மா என்ன சொல்றதுன்னு தெரியாம என்னையே கேட்டாங்க. ஃபீவர்னு சொல்லிடுங்க, கயல் தாங்கமாட்டான்னு நான்தான் சொன்னேன்."

கார்டு அம்மாவின் கைப்பையில் இருந்தது. இலை நொறுங்கிவிட்டது.

அக்டோபர் 19, திங்கள்

சரஸ்வதி பூஜை. இன்று எழுதக் கூடாது. எழுதுகிறேன்.

காலையிலேயே கேமராவைப் புத்தகங்களின் மேல் வைத்துப் பொட்டிட்டேன். அம்மாவுக்கு ஆச்சரியம். போன வருடம் தரமாட்டேன் என்று அழுதவள் நான்.

மாலை மீராவும் அவள் அம்மாவும் வெற்றிலை பாக்குக்கு வந்தார்கள். "இப்பதான் ஃபீவர் விட்டுச்சு, பாவம்" என்றார் ஆன்ட்டி. அம்மா குங்குமச் சிமிழைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது.

மீரா என் பக்கத்தில் வந்து, "ஹே, நம்ம பிக்சர் மிஸ் ஆயிடுச்சுல்ல? கொலு முன்னாடி எடுக்கலாமா?" என்றாள்.

"கேமரா பூஜைல இருக்கு. தொடக்கூடாது."

"என் போன் பூஜைல இல்லயே!" அம்மா அவசரமாகப் போனைத் தூக்கினாள். "நில்லுங்க ரெண்டு பேரும். கயல், சிரி."

சுண்டல் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

அம்மா எடுத்த படத்தில் மீராவும், சாய்ந்த செட்டியாரும்.