ஆயிரம் மீட்டருக்கு மேலே

பிப்ரவரி 6, 2006, திங்கள்

சினிமாக்காரர்கள் வந்துவிட்டார்கள். 1934-இல் எங்கள் ஊர் மலையின் மேற்குப் பாறைச் சுவரில் நான்கு பேர் செத்தார்களே, அந்தக் கதை. மலை வழிகாட்டி என்பதால் எனக்கு இரண்டு வேலை: ஆலோசனை சொல்வது, கதாநாயகனுக்குப் பதிலாகப் பாறையில் ஏறுவது. அவனுக்கு இருபத்தாறு வயது, எனக்கு ஐம்பத்தெட்டு. தூரத்திலிருந்துதான் எடுப்பார்களாம். "ரொம்பத் தூரமா எடுக்கச் சொல்லு" என்றாள் நொட்புர்கா. கட்டிய மனைவி!

பிப்ரவரி 8

கயிற்றின் மறுமுனையில் தொங்கப்போவது என் பழைய கூட்டாளி செராஃபின்தானாம். இந்த டிரோல் மலைநாடு முழுக்கத் தேடியும் வேறு ஆள் கிடைக்கவில்லையா?

பிப்ரவரி 9

என் கோபம் நியாயம்தானா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வருகிறது. எழுதியே பார்த்துவிடுகிறேன்.

இருபது வருடம் ஒரே கயிற்றில் ஏறியவர்கள் நானும் செராஃபினும். பதினோரு வருடத்துக்கு முன் அதே மேற்குச் சுவரில், பாதி வழியில், வானத்தின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. இறங்கிவிடலாம் என்றேன். இறங்கினோம். மறுநாள் பளீரென்று வெயில்! விடுதியில் ஊரே பார்க்க, "நீங்க இனிமே அடுப்புப் பக்கத்துலயே உக்காந்துக்குங்க" என்றான்.

கோழை என்று திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த 'நீங்க' — அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து நானும் அவனை 'நீங்க' என்றுதான் சொல்கிறேன். ரொட்டிக் கடையில் பார்த்தால்கூட, "வணக்கம், நலமா இருக்கீங்களா" என்று வரி ஆபீஸ் மரியாதை.

பிப்ரவரி 14

இயக்குநர் ரைன்ஹில்ட் அம்மாவுக்குச் சொந்த ஊர் ஹாம்பர்க். அங்கே மலை ஏது? அவர் எழுதிய வசனத்தில், பனிப்புயலில் தொங்குகிறவன், "தாங்கள் கயிற்றைச் சற்று இழுக்க முடியுமா?" என்கிறான். அதற்குள் செத்தே போவான்.

ஆயிரம் மீட்டருக்கு மேலே 'நீங்க' கிடையாது, மந்திரியே வந்தாலும் 'நீ'தான், எங்கள் வழக்கம் அது என்று விளக்கினேன். ஊர் 940 மீட்டரில் இருப்பதால் இங்கே மரியாதை செல்லும். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எல்லாவற்றையும் திருத்தினார். பிறகு, நீங்கள் இருவரும் மேலே அப்படித்தானே பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவருக்குப் பின்னால் செராஃபின் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடிக்கவே இல்லை.

பிப்ரவரி 20

2,200 மீட்டர். முதல் நாள் படப்பிடிப்பு. 'நீ' சொல்ல மனம் வரவில்லை, 'நீங்க' சொல்ல வழக்கம் விடவில்லை. செராஃபின் வழி கண்டுபிடித்துவிட்டான். "கயிறு கொஞ்சம் தளர்ந்தா நல்லது" என்கிறான். யாரிடம் சொல்கிறான், மலையிடமா? நானும் விடவில்லை. "டீ குடிக்கிற எண்ணம் உண்டா?" என்று பாறையைப் பார்த்துக் கேட்டேன்.

பிப்ரவரி 23

இன்று அவன் பிணம். முகமெல்லாம் பொய்ப்பனி பூசித் தொங்கவிட்டார்கள். ஐந்தாவது முறை எடுக்கும்போது வார்ப்பட்டை நழுவி விலாவை இறுக்கிவிட்டது. மூச்சு முட்டியது.

"கஸ்ஸியான், இழுடா! நீ என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற?"

இழுத்தேன். இந்தக் கையில் இவ்வளவு பலம் இருப்பது எனக்கே தெரியாது. பிணம் பேசிவிட்டதே என்று ரைன்ஹில்ட் அம்மாவுக்குக் கோபம். எனக்கோ குளிரே தெரியவில்லை. பதினோரு வருடத்துக்குப் பிறகு ஒரு 'நீ'.

ஆனால் — 2,200 மீட்டர். அங்கே யாருக்கும் யாரும் 'நீ'தானே. இதைக் கணக்கில் சேர்க்கலாமா?

பிப்ரவரி 24

ரொட்டிக் கடை. "வணக்கம், நலமா இருக்கீங்களா."

நலந்தான். நாசமாப் போச்சு.

நவம்பர் 19, ஞாயிறு

பூசை முடிந்த கையோடு தீயணைப்புக் கூடத்தில் படம் போட்டார்கள். படத்தில் ஒருவன் வானத்தைப் பார்த்துவிட்டு, இறங்கிவிடலாம் என்கிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அவனும் வெட்கப்பட்டு மேலே ஏறுகிறான். யாரும் திரும்பி வரவில்லை. செராஃபின் எனக்கு முன்வரிசையில் இருந்தான். திரையில் அவன் பிணம் வெகுநேரம் தொங்கியது. அவன் குனிந்துகொண்டான்.

பிறகு சூப் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றான். 'வணக்கம்' வரும் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்கு நீ இறக்கிக் கூட்டிட்டு வந்ததாலதான்டா என்னால பொணமா நடிக்கவாவது முடிஞ்சுது."

என் கிண்ணத்தை அவனிடம் கொடுத்துவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் வாசலில் இருக்கும் உயரப் பலகையைப் பார்த்தேன்.

940 மீட்டர்தான்.