சுழல் விளக்கு போட்ட மத்தியானம்

அண்ணே,

இன்று காலை ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு புதிய போலீஸ் வண்டி போனது. கூரையில் சுழல் விளக்கு. லாரிக்காரர்கள் தாமாகவே ஒதுங்கினார்கள். நீங்கள் ஜீப் ஓட்ட வந்த காலத்தில் ஹாரனும் உங்கள் தொண்டையும்தான். பிறகு முன்பக்கம் ஒரு சிவப்பு பல்பு வந்தது. கூரையில் சுற்றும் விளக்கு வந்தபோது, "ஸ்டேஷனுக்கு வரும் அவசர அழைப்புக்கும் பெரிய அதிகாரிகளுக்கும் மட்டும்" என்ற உத்தரவும் கூடவே வந்தது. அதை ஸ்டேஷன் ரைட்டரான நான்தான் படித்துக் காட்டினேன்.

அந்த மத்தியானம் மண்ணூர் அந்தோணியம்மாவின் மகன் லாரியில் அடிபட்டு, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். தகவல் சொல்ல நாம் இருவரும் போனோம். அவள் ஈரக் கையோடு ஜீப்பில் ஏறிவிட்டாள். வழியில் வைக்கோல் வண்டிகள் வரிசையாக நின்றன.

"போடுங்கண்ணே லைட்ட," என்றேன்.

நீங்கள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போட்டீர்கள். வண்டிகள் விலகின. எதிரே வந்த ஒரு அதிகாரியின் காரும் ஒதுங்கி நின்றது. உள்ளே ஒரு கிராமத்துப் பெண் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்துவிட்டார்.

மகனுக்கு நினைவு இருந்தது. அவன் கையை அவள் கால் மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் போய்விட்டான்.

மறுநாள் விசாரணை. அறைக்கு வெளியே என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். "உனுக்குக் கைக்கொழந்த கீது. வாயத் தொறக்காத. நானாத்தான் போட்டேன், அப்டியே எழுதிக்கோ."

எழுதினேன். என் கையெழுத்தில் எழுதிய அந்த வாக்குமூலத்தில்தான் நீங்கள் கையொப்பமிட்டீர்கள். உங்களுக்குத் தென்கோடிக்கு மாற்றல் வந்தது. அண்ணிக்குப் பிரசவம் ஆனபோதுகூட நீங்கள் பக்கத்தில் இல்லை. பல வருஷம் கழித்துப் படப்பையில் சந்தித்தபோது டீ வாங்கிக் கொடுத்து, "கொழந்த படிக்குதா?" என்றுதான் கேட்டீர்கள். "படிக்குதண்ணே," என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

போன வாரம் நீங்கள் தவறிய செய்தியைச் சொல்ல மண்ணூர் போனேன். விளக்கைப் போடச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அந்தோணியம்மா வெகு நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்புள்ள என்னப் பாத்துட்டுத்தான் போனான். அதுக்கு ரெண்டு பேருமே காரணம். ஆனா, அந்த அண்ணன்கிட்ட நன்றின்னு ஒரு வார்த்த சொன்னியாப்பா?" என்று கேட்டாள்.

சொல்லவில்லை அண்ணே. டீ குடித்து முடிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது. சொல்லவில்லை.