குட்டி ரயில் ஓட்டியவருக்கு

இன்றைக்குக் காலையில் மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்போது, பூங்கா மதில் ஓரம் பெயிண்ட் எரிகிற நாற்றம் அடித்தது. எட்டிப் பார்த்தால், உங்கள் குட்டி ரயிலின் தண்டவாளத்தைக் கேஸ் வைத்து அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் கண்ணை மூடி வருஷம் திரும்பப் போகிறது. லைனை மூடியதிலிருந்து புல் முளைத்துக் கிடந்ததை இப்போதுதான் கழற்ற நேரம் கிடைத்ததாம். எனக்கு மார்க்கெட் மறந்துபோனது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

தாமரைக் குளத்துப் பாலத்தின் இரும்பைத்தான் முதலில் அறுத்தார்கள். தீ பட்டதும் பச்சை உரிந்தது. அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே சிவப்பு. எல்லாம் ஒவ்வொரு பொங்கலுக்கு நீங்கள் அடித்தது. நம் வீட்டுக்கு வெள்ளையடிக்க மாட்டீர்கள். கேட்டால், "பார்க்குக்கு ஜனம் வரும் புள்ள, பாலம் பளிச்சுனு இருக்க வாணாமா?" என்பீர்கள். பழசைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு அடிக்க வேண்டும். சுரண்டினால் பொங்கலுக்குள் வேலை முடியாது, மேலேயே அடி என்றார் சூப்பர்வைசர். அடித்தீர்கள். உள்ளே துரு தின்றது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. உங்கள் கண்ணுக்கும்தான்.

அந்தக் காணும் பொங்கல் என் கண்ணிலேயே நிற்கிறது. பிள்ளைகள் மட்டும்தான் ஏற வேண்டும் என்று போர்டே இருந்தது. காணும் பொங்கலன்று அதை யார் கேட்கிறார்கள்? புதுப் புடவையும் புளிச்சோற்றுத் தூக்குமாகக் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். "யோவ் டிரைவரு, எங்க பெரிம்மாவ ஏத்தலன்னா வண்டி நவுராது, ஆமா!" என்று ஒருத்தி என்ஜினுக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெரியம்மாவோ இரண்டு பேர் சீட்டுக்கு இருந்தார். கூட்டத்தில் நின்ற நான்கூடச் சிரித்தேன். நீங்கள் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தீர்கள். "ஏத்து, ஏத்து. நல்ல நாள் அதுவுமா சண்ட எதுக்கு? நான் பாத்துக்கறேன்" என்றார். என் காதால் கேட்டேன்.

ரயில் ஏறியதும் பாலத்தின் ஒரு கால் மடங்கியது. என்ஜின் சாய்ந்து குளத்தில் படுத்துவிட்டது. யாரும் சாகவில்லை, அந்த மட்டும் புண்ணியம். ஒரு குழந்தைக்குக் கை ஒடிந்தது, பெரியம்மாவுக்கு நெற்றியில் தையல். இடுப்பளவு சேற்றில் நின்று ஒவ்வொருவராகத் தூக்கிக் கொடுத்தீர்கள். இன்னும் எத்தனையோ வருஷம் ஓட வேண்டிய லைனை அன்றோடு மூடினார்கள். டிரைவர் வேகமாக ஓட்டினார் என்று ரிப்போர்ட் எழுதினார்கள். அந்த ரயிலா வேகமாகப் போகும்? நம் தெரு நாயே அதை முந்திக்கொண்டு ஓடுமே!

விசாரணையில், பெரியவர்களை ஏற்றச் சொன்னது யார் என்று கேட்டபோது நீங்கள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். "அவருக்கு ரெண்டு பொண்ணு இருக்கு புள்ள. வேல பூட்டா அதுங்கள எப்பிடிக் கட்டிக் குடுப்பாரு?" என்றீர்கள். அவருக்கு வேலை போகவில்லை. உங்களைத்தான் செடிக்குத் தண்ணீர் விடப் போட்டார்கள். அந்தத் தண்டவாளத்தைத் தாண்டித் தாண்டியே தினமும் டியூப்பை இழுத்தீர்கள். முத்தியால்பேட்டையில் உங்கள் பேரே மாறிப்போனது. "இன்னா கவுத்த டிரைவரே, சௌக்கியமா?" என்பான் டீக்கடையில் ஒருவன். நீங்களும் சிரித்துக்கொண்டே கிளாஸை வாங்குவீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அதே பேரைக் கேட்டு நம் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்குக்கூட, "வெளாட்டுக்குச் சொல்றாங்கம்மா" என்றுதான் அவளைத் தேற்றினீர்கள். அவள் சாப்பிடாமல் படுத்தாள். நீங்கள் சாப்பிட்டீர்கள்.

இன்றைக்கு சூப்பர்வைசரும் அங்கே இருந்தார். ரிட்டையர் ஆகி வாக்கிங் வருகிறாராம். என்னைப் பார்த்ததும், "உன் வூட்டுக்காரரு தங்கமான மனுஷன்மா" என்றார்.

"அன்னிக்கி சொல்லலியே சார். இப்ப சொல்லுங்க. ஏத்தச் சொன்னது யாருன்னு இங்க நாலு பேர் காதுல உழற மாதிரி சொல்லுங்க."

சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "அதான் லைனே போச்சே. ஆளும் போயாச்சு. இனிமே எதுக்கும்மா?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு, கேஸ் பிடித்துக்கொண்டிருந்த ஆளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நரைத்த மீசைக்காரர். "ஓரமா போம்மா, நெருப்பு தெறிக்கும்" என்று முதலில் விரட்டினார். அப்புறம் தீயை அணைத்துவிட்டு முழுசாகக் கேட்டார்.

"ஏம்மா, இத அவரு அன்னிக்கே சொல்லி இருக்கலாமே?"

"சூப்பர்வைசருக்கு ரெண்டு பொண்ணாம்."

"உங்களுக்குப் பொண்ணு இல்லியா?"

"இருக்கா. ஒருத்தி."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி தீயைப் பற்றவைத்தார்.

மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் சொல்லாமல் விட்டதை, இனி யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான் சொல்லிக்கொண்டுதான் திரியப் போகிறேன். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை மட்டும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவர்களும் சேர்ந்து உங்களைத் திட்டுவார்கள். அது எனக்குத் தாங்காது.